சொல்லுக்கு முன்னால் வரும் படிகள்: ஆட்டிச நிலைக் குழந்தையின் ஆரம்ப ஆண்டுகள்

இறுக மூடிய டப்பாவுக்குள் தனக்குப் பிடித்த பொம்மை கிடப்பதைக் கண்ட இரண்டரை வயதுக் குழந்தை, பக்கத்தில் அமர்ந்திருக்கும் தாயின் கையைப் பிடித்து இழுத்து அந்த மூடியின் மேல் வைக்கிறது. தாயின் முகத்தை அது பார்ப்பதில்லை. டப்பாவையும் கையையும் மட்டுமே பார்க்கிறது. பிறரோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறு விதமாக அமையும் வளர்ச்சி நிலையான ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய கட்டுரை, குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943ஆம் ஆண்டு 11 குழந்தைகளைப் பற்றி எழுதியது. பிறருடைய கையை, அந்தக் கைக்குரிய மனிதரிடமிருந்து பிரிந்த ஒரு பொருளைப் போல நடத்தும் இந்தச் செய்கையை அவர் அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார். இன்றும் பெற்றோர் பலர் இதைக் குறையின் அடையாளமாகவே கண்டு மனம் கலங்குகிறார்கள். ஆனால் தன்னால் ஆகாத ஒன்று இன்னொருவரால் ஆகும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது என்பதையும், அதைக் கேட்கத் தன்னிடம் இருந்த ஒரே வழியை அது பயன்படுத்தியிருக்கிறது என்பதையும் கவனித்தால், தொடர்பாடல் அங்கே ஏற்கெனவே தொடங்கிவிட்டது விளங்கும். கையிலிருந்து முகத்துக்கும், முகத்திலிருந்து சைகைக்கும், சைகையிலிருந்து சொல்லுக்கும் அந்தக் குழந்தை போய்ச் சேர்வதற்குப் பெரியவர்கள் எப்படித் துணை நிற்கலாம் என்பதே இங்கே பேசப்படுகிறது.

குழந்தைக்கு ஆட்டிசம் என்று கேள்விப்பட்டவுடன் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, எப்போது பேசும் என்பதுதான். அந்தக் கேள்வியில் இருக்கும் தவிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயினும், பேச்சு என்பது வளர்ச்சியின் வரிசையில் சற்றுப் பின்னால் வருவது. இயல்பான வளர்ச்சியில் ஒன்பது மாதம் முதல் ஒரு வயதுக்குள், குழந்தை பொருளையும் ஆளையும் மாறி மாறிப் பார்க்கத் தொடங்குகிறது. பெரியவர் திரும்பிப் பார்க்கும் திசையில் தானும் பார்க்கிறது. கையை நீட்டுகிறது, காட்டுகிறது, விரலால் சுட்டுகிறது. இருவரும் ஒரே பொருளைப் பார்க்கிறோம் என்பதை இருவருமே அறிந்திருக்கும் இந்த நிலையைப் பகிர்ந்த கவனம் என்பார்கள். ஆட்டிச நிலைக் குழந்தைகள் பலரிடம் தாமதமாவதும் வேறு வழியில் வருவதும் முதலில் இதுதான். பேச்சின் தாமதம் பெரும்பாலும் இதன் தொடர்ச்சி.

சுட்டுவதிலேயே இரண்டு வகை உண்டு என்பதை எலிசபெத் பேட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1975இல் பிரித்துக் காட்டினார்கள். அலமாரியில் இருக்கும் பொருளைச் சுட்டி அது வேண்டும் என்று கேட்பது ஒன்று. வானத்தில் போகும் விமானத்தைச் சுட்டி, நீயும் பார் என்று அழைப்பது மற்றொன்று. முதலாவதில் குழந்தைக்குப் பொருள் கிடைக்கிறது. இரண்டாவதில் துணையாகப் பார்க்க ஓர் ஆள் கிடைப்பதைத் தவிர வேறொன்றும் கிடைப்பதில்லை. ஆட்டிச நிலைக் குழந்தைகளில் பலருக்கு முதலாவது எளிதில் வசப்படுகிறது, இரண்டாவதுதான் கடினமாக இருக்கிறது. வீட்டில் கவனிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. ஏனெனில், கேட்பதற்கு மட்டுமே பயிற்சி பெற்ற குழந்தை வேண்டும், கொடு, திற என்பவற்றோடு நின்றுவிடக்கூடும். பகிர்வதற்கான வாய்ப்புகளைப் பெரியவர்கள்தான் வேண்டுமென்றே உருவாக்கித் தர வேண்டியிருக்கும்.

பகிர்ந்த கவனத்துக்கும் சொல்லுக்கும் என்ன உறவு? குழந்தை சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கையில் தந்தை பந்தைக் காட்டிப் பந்து, பந்து என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பார்ப்பது எது என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் உள்ள குழந்தை அந்த ஒலியைப் பந்தோடு சேர்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கம் இன்னும் வராத குழந்தைக்கு அது எதனோடும் சேராத வெறும் ஒலி, அல்லது மின்விசிறியோடு தவறாகச் சேர்ந்த ஒலி. மைக்கேல் டொமசெல்லோவும் ஜெஃப்ரி ஃபாராரும் 1986இல் சிறு குழந்தைகளிடம் செய்த ஆய்வில், குழந்தையின் கவனத்தை வேறு பக்கம் திருப்பிச் சொல்லித்தந்த சொற்களைவிட, அது ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருந்த பொருளுக்குச் சொல்லித்தந்த சொற்கள் நன்றாகப் பதிந்தன. ஆட்டிச நிலைக் குழந்தையோடு பழகுவதற்கான முதல் பாடம் இதிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். குழந்தை மின்விசிறியைப் பார்த்தால் நாமும் மின்விசிறியைப் பார்ப்போம். சுற்றுது என்போம். அணைத்துவிட்டு, நின்னு போச்சு என்போம். மறுபடியும் போடுவதற்கு முன் சற்றே காத்திருப்போம். அந்தக் காத்திருப்பில் குழந்தை ஒருமுறை நம் முகத்தைப் பார்த்துவிட்டால், அன்றைய நாளின் பெரிய வரவு அதுவே.

இந்தக் காத்திருப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரியவர்களுக்கு மிகவும் கடினமானது இதுதான். பேசாத குழந்தையின் அருகில் இருக்கும்போது, அந்த மௌனத்தை நிரப்ப வேண்டும் என்ற உந்துதல் இயல்பாகவே வந்துவிடுகிறது. இது என்ன, இது என்ன நிறம், மாடு எப்படிக் கத்தும், அம்மா சொல்லு, அப்பா சொல்லு என்று கேள்விகளும் கட்டளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. குழந்தைக்கோ கேட்டதை உள்வாங்கவும், பதிலை உருவாக்கவும், அதை உடலால் வெளிப்படுத்தவும் நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. கேள்விகளைக் குறைத்து, குழந்தை செய்துகொண்டிருப்பதை ஓரிரு சொற்களில் வருணித்துவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை எதிர்பார்ப்பு நிறைந்த முகத்தோடு காத்திருப்பது எளிமையான யோசனையாகத் தோன்றும். செய்து பார்த்தவர்களுக்கே அந்தப் பத்து நொடிகள் எவ்வளவு நீளமானவை என்பது தெரியும்.

பிரிட்டனில் ஜோனதன் கிரீன் தலைமையில் நடந்த பாக்ட் என்னும் ஆய்வு, ஏறத்தாழ இந்த ஒன்றையே மையமாகக் கொண்டது. இரண்டு முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட 152 குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். சிகிச்சையாளர் குழந்தையை நேரடியாகப் பயிற்றுவிக்கவில்லை. பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைப் படமெடுத்து, பின்னர் பெற்றோரோடு அமர்ந்து அதைப் பார்த்து, குழந்தை ஏதோ சொல்ல முயன்ற கணங்களையும், பெற்றோர் அதைப் பிடித்துக்கொண்ட கணங்களையும் சுட்டிக்காட்டினார். 2010இல் வெளியான முதல் முடிவுகள் பலருக்கு ஏமாற்றமளித்தன. பெற்றோர் குழந்தைக்கு ஈடுகொடுக்கும் விதம் நன்றாகவே மாறியிருந்தது, குழந்தையும் தானாகத் தொடர்பைத் தொடங்குவது கூடியிருந்தது. ஆனால் ஆட்டிசக் கூறுகளின் தீவிரத்தில் திட்டவட்டமான வேறுபாடு தெரியவில்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளை மீண்டும் பார்த்து 2016இல் வெளியிட்ட முடிவுகளில், பயிற்சி பெற்ற குடும்பங்களின் குழந்தைகளிடம் அந்தத் தீவிரம் மற்றக் குழுவினரைவிடக் குறைந்திருந்தது. சிகிச்சை நேரம் முடிந்துவிடும், வீட்டில் பெற்றோர் பழகும் விதமோ ஆண்டுக்கணக்கில் தொடரும் என்பதே இதற்கு நான் காணும் விளக்கம். இதே முறையைக் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களுக்கு, சிறப்பு நிபுணர்கள் அல்லாத பயிற்சி பெற்ற களப்பணியாளர்களைக் கொண்டு வழங்கிய ஆய்வும் 2016இல் வெளியாயிற்று. அங்கும் பெற்றோரின் ஈடுகொடுத்தலும் குழந்தையின் தொடர்பு முயற்சிகளும் மேம்பட்டன. நிபுணர்கள் கிடைப்பது அரிதாக இருக்கும் இடங்களுக்கு இது மிகுந்த நம்பிக்கை தரும் செய்தி.

வீடு மட்டும் போதும் என்று இதற்குப் பொருளில்லை. பேச்சுப் பயிற்சியாளர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் ஆகியோரின் கை தேவைப்படும் இடங்கள் பல. எவ்வளவு நேரம், எந்த முறை என்பதில்தான் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தைப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான வகுப்பில் முதலாம் ஆண்டை முடித்ததாகவும் அவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் சராசரி அளவை எட்டியதாகவும் தெரிவித்தார். நாற்பது மணி நேரம் என்ற எண் பெற்றோரின் மனங்களில் ஆழப் பதிந்தது அங்கிருந்துதான். ஆனால் அந்த ஆய்வில் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, ஆகவே பலன் பயிற்சியால் மட்டுமே வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உரத்த அதட்டலும் தொடையில் அடிப்பதும் அந்தப் பயிற்சியின் பகுதிகளாக இருந்தன. ஒரு சின்னஞ்சிறு குழந்தைக்குக் கற்பிக்க அடிப்பது தேவை என்று யாரேனும் இன்று சொன்னால், அந்த இடத்தை விட்டு உடனே வெளியேறிவிட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பிற்காலத்தில் வந்த முறைகள் மேசையையும் நாற்காலியையும் விட்டுத் தரைக்கு இறங்கின. சாலி ரோஜர்ஸும் ஜெரால்டின் டாசனும் உருவாக்கிய எர்லி ஸ்டார்ட் டென்வர் முறை, படிப்படியாகக் கற்பித்தல், பரிசளித்தல் போன்ற நடத்தையியல் நுட்பங்களை விளையாட்டுக்குள்ளும் அன்றாடப் பழக்கங்களுக்குள்ளும் கொண்டுவந்தது. அதைப் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வில் 18 முதல் 30 மாத வயதுடைய 48 குழந்தைகள் பங்கேற்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அம்முறையில் பயின்றவர்கள் மொழியிலும் அறிதிறனிலும் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். நேரத்தைப் பொறுத்தவரை, 144 ஆய்வுகளையும் 9,038 குழந்தைகளையும் சேர்த்து ஆராய்ந்து 2024இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, பயிற்சி நேரம் கூடக் கூடப் பலனும் கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று கண்டது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் கட்டாயம் என்று சொல்லப்பட்டு, அதற்குச் செலவழிக்க வழியில்லாமல் குற்ற உணர்வில் வாடும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

குழந்தையின் கவனத்தைப் பின்தொடர்வதில், அது செய்வதையே நாமும் செய்வது என்ற எளிய வழியும் உண்டு. பிறரைப் பார்த்துச் செய்வது இந்தக் குழந்தைகள் பலருக்கு அரிதாகவே வருகிறது. ஆகவே, இதைச் செய் என்று கட்டளையிடுவதற்கு முன்பாக, நாம் அதைப் பார்த்துச் செய்யத் தொடங்கலாம். குழந்தை கரண்டியால் தரையைத் தட்டினால், இன்னொரு கரண்டியை எடுத்து நாமும் தட்டுவோம். அது நிறுத்தினால் நாமும் நிறுத்துவோம். சிறிது நேரத்தில் குழந்தை வேண்டுமென்றே ஒருமுறை தட்டிவிட்டு, நாம் என்ன செய்கிறோம் என்று நிமிர்ந்து பார்க்கும். அப்போது முறை மாற்றிப் பழகுதல் என்னும் உரையாடலின் அடிப்படை வடிவம் சொல்லே இல்லாமல் அரங்கேறுகிறது. பிறகு நாம் ஒரு சிறு மாற்றம் செய்து, தரைக்குப் பதிலாகக் கிண்ணத்தில் தட்டிப் பார்க்கலாம்.

விளையாட்டும் இப்படியே படிப்படியாக வளர வேண்டியது. வண்டியின் சக்கரத்தைச் சுழற்றுவதிலேயே மூழ்கியிருக்கும் குழந்தையிடம் வண்டியைப் பிடுங்கி, பொம்மைக்கு உணவு ஊட்டு என்று சொன்னால், அது பல படிகளை ஒரே தாண்டலில் கடக்கச் சொல்வதாகும். சக்கரத்திலிருந்து உருட்டுவதற்கும், உருட்டுவதிலிருந்து சரிவில் விடுவதற்கும், அங்கிருந்து வண்டியில் ஒரு பொம்மையை ஏற்றுவதற்கும் செல்வதே அதற்கு எட்டும் வரிசை. கோனி கசாரியும் அவருடைய குழுவினரும் 58 குழந்தைகளிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் 30 நிமிடம் வீதம் ஐந்தாறு வாரங்கள் மட்டும், ஒரு குழுவுக்குப் பகிர்ந்த கவனத்திலும் மற்றொரு குழுவுக்குப் பாவனை விளையாட்டிலும் பயிற்சி தரப்பட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான பயிற்சியை மட்டும் பெற்ற குழந்தைகளைவிட இவ்விரு குழுவினரும் மொழியில் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். அந்தக் குறுகிய பயிற்சி தொட்டது சொற்களுக்கு அடியில் இருக்கும் திறன்களையே.

சொல் வரத் தொடங்கும்போது அது நாம் எதிர்பார்த்த உருவில் வராமல் போகலாம். தண்ணீர் வேணுமா என்று கேட்டால் தண்ணீர் வேணுமா என்றே குழந்தை திருப்பிச் சொல்வதும், நேற்றுக் கேட்ட விளம்பர வரியை இன்று சம்பந்தமில்லாத நேரத்தில் சொல்வதும் எதிரொலிப் பேச்சு எனப்படும். இதைப் பயனற்ற பழக்கமாகக் கருதி அடக்க முயன்ற காலம் உண்டு. பாரி பிரிசன்ட் 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகள், இந்த எதிரொலிகளில் பல, கேட்பதற்காகவும் ஆமோதிப்பதற்காகவும் தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்வதற்காகவும் சொல்லப்படுபவை என்று காட்டின. குழந்தை தண்ணீர் வேணுமா என்று சொல்லிக்கொண்டே குவளையைப் பார்த்தால், அதன் பொருள் எனக்குத் தண்ணீர் வேணும் என்பதே. குழந்தை சொல்ல வேண்டிய வடிவத்தில் நாமே, தண்ணீர் வேணும் என்று சொல்லிக்கொண்டு தண்ணீரைத் தந்தால், நாளடைவில் அந்த வடிவமே அதன் வாயில் வரும்.

சொல்லே வராத குழந்தைக்குப் படங்களையோ, சைகைகளையோ, பேசும் செயலி உள்ள டேப்லெட்டையோ கொடுத்தால், பிறகு வாயால் பேச முயலாது என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. இந்த அச்சத்தால் குழந்தைகள் இழக்கும் ஆண்டுகளை எண்ணும்போது மனம் கனக்கிறது. வளர்ச்சிக் குறைபாடுகள் உள்ளவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியான ஒரு தொகுப்பில், வலுவான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூட இத்தகைய உதவியால் பேச்சு குறையவில்லை. 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு கூடியே இருந்தது. வேண்டியதைச் சொல்ல ஒரு வழி கிடைத்த குழந்தையின் அழுகையும் முட்டி மோதலும் குறைவது பல குடும்பங்கள் கண்ட அனுபவம். இதற்கு இணையான மற்றொரு தவறான அறிவுரை, வீட்டில் பேசும் தாய்மொழியை விட்டுவிட்டுப் பள்ளி மொழி ஒன்றை மட்டுமே பேசுங்கள் என்பது. இரு மொழிகளைக் கேட்டு வளரும் ஆட்டிச நிலைக் குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் தாமதம் ஏற்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. தனக்குச் சரளமாக வராத மொழியில் தாய் கொஞ்சவும் கதை சொல்லவும் நேர்ந்தால், குறைந்துபோவது குழந்தை கேட்கும் பேச்சுதான்.

உடலைப் பற்றிச் சொல்லாமல் திறன்களைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது. மிக்ஸியின் ஓசையும் சட்டையின் பின்கழுத்துத் துணிச்சீட்டும் தாங்க முடியாத வேதனையாக இருக்கும் ஒரு குழந்தை, அந்த வேதனையின் நடுவே கற்றுக்கொள்ளாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்னும் நோயறிதல் கையேட்டின் வரையறையில் இந்தப் புலனுணர்வு வேறுபாடுகள் ஆட்டிசத்தின் கூறுகளில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டன. தூக்கக் குறைவும் மலச்சிக்கலும் பல்வலியும் சொல்லத் தெரியாத குழந்தையிடம் அடமாகவும் தலையை முட்டிக்கொள்வதாகவும் வெளிப்படுவதுண்டு. நடத்தையைத் திருத்துவதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டியவை இவை. கண்ணைப் பார்த்துப் பேசு என்று முகவாயைப் பிடித்துத் திருப்புவதையும் நிறுத்திவிடலாம். கண்ணோடு கண் நோக்குவது தங்களுக்கு எவ்வளவு அழுத்தம் தருகிறது என்பதை ஆட்டிச நிலையில் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியும் பேசியும் இருக்கிறார்கள். குழந்தை நம்மைக் கவனிக்கிறதா என்பதே முக்கியம். அந்தக் கவனம் காதின் வழியாகவும் ஓரக்கண்ணின் வழியாகவும் வரலாம்.

உடை உடுத்துதல், கை கழுவுதல் போன்றவற்றைக் கடைசிப் படியிலிருந்து கற்பிப்பது நல்ல பலன் தரும். கால்சட்டையை முழங்கால் வரை நாமே ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுத்துவிடுவதை மட்டும் குழந்தையிடம் விட்டால், ஒவ்வொரு முறையும் செய்து முடித்தேன் என்ற நிறைவோடு அது எழுந்து போகும். அது பழகிய பின் அதற்கு முந்தைய படி, பிறகு அதற்கும் முந்தைய படி என்று பின்னோக்கிச் செல்லலாம்.

எப்போது தொடங்குவது என்ற கேள்விக்கு, ஐயம் எழுந்த அன்றே என்பதுதான் பதில். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும், இது விட்டுப்போவதுண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், 18ஆவது மாதத்திலும் 24ஆவது மாதத்திலும் எல்லாக் குழந்தைகளையும் ஆட்டிசத்துக்காகச் சோதித்துப் பார்க்கப் பரிந்துரைக்கிறது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் வினாப்பட்டியலில் 20 கேள்விகள் உண்டு. அதன் விடைகள் நோயறிதல் ஆகாவிட்டாலும் அடுத்து எங்கே செல்ல வேண்டும் என்று சொல்லும். முறையான நோயறிதலுக்குக் காத்திருக்கும் மாதங்களிலும், மேலே சொன்ன எதையும் வீட்டில் செய்யத் தடையில்லை. ஆட்டிசம் இல்லை என்று பின்னர் தெரிந்தாலும் இவற்றால் எந்தக் குழந்தைக்கும் தீங்கு வராது.

நஞ்சு நீக்கம், அதிசய உணவுமுறை, விலையுயர்ந்த ஊசிகள் என்று குணப்படுத்தும் உறுதிமொழியோடு வருபவை எவற்றுக்கும் தக்க சான்று இல்லை. கடன் வாங்கி அவற்றின் பின்னால் ஓடும் பெற்றோரை அங்கே துரத்துவது பெரும்பாலும் குற்ற உணர்வு. ஆட்டிசத்துக்குத் தாயின் பாசமின்மையே காரணம் என்று எழுத்தாளர் புரூனோ பெட்டல்ஹைம் பரப்பிய கருத்து ஒரு தலைமுறைத் தாய்மாரை வதைத்தது. உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட் 1964இலேயே அதை மறுத்து எழுதினார். இரட்டையர்களையும் குடும்பங்களையும் ஆராய்ந்தவர்கள் மரபணுக்களின் பங்கே மிகப் பெரிது என்று கண்டிருக்கிறார்கள். வளர்ப்பு ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை.

நான்கு வயது தாண்டியும் சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையின் பெற்றோரிடம், இனி வாய்ப்பில்லை என்று சொல்லப்படுவதுண்டு. நான்கு வயதில் கடுமையான மொழித் தாமதம் இருந்த 535 குழந்தைகளைப் பற்றி 2013இல் வெளியான ஆய்வில், 70 விழுக்காட்டினர் பின்னர் சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள். 47 விழுக்காட்டினர் சரளமாகவே பேசினார்கள். எஞ்சியவர்களில் பலருக்குப் படமும் செயலியும் சைகையுமே மொழியாக அமையும், அந்த மொழியையும் முழுமையான மொழியாக மதித்துக் கேட்க வீட்டிலும் பள்ளியிலும் ஆட்கள் வேண்டும்.

இத்தனையையும் நாள்தோறும் செய்யப்போவது தூக்கம் கெட்ட, உறவினர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சலித்த ஒரு தாயோ தந்தையோதான். உலக சுகாதார நிறுவனம் இத்தகைய குடும்பங்களுக்காக உருவாக்கியுள்ள பயிற்சித் திட்டத்தில் ஒன்பது குழு அமர்வுகளும் மூன்று வீட்டு வருகைகளும் உண்டு. குழந்தையோடு விளையாடுவது, தொடர்புகொள்வது ஆகியவற்றோடு, பராமரிப்பவர் தம்மைப் பேணிக்கொள்ளும் வழிகளும் அதில் பாடமாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைக்கு என்ன பயிற்சி தரலாம் என்று கேட்கும் அண்டை வீட்டாரும் தாத்தா பாட்டியும், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதுக்குக் குழந்தையைத் தாங்கள் பார்த்துக்கொண்டு அந்தத் தாயைத் தூங்க விடுவதிலிருந்து தொடங்கலாம்.